கதையுறுப்புகளைக் கற்கும் முறை: ஆங்கிலத் தேர்வை முன்வைத்து

முன்னுரை

ஆங்கிலத் தாளில் எப்பகுதி அச்சம் தருகிறது என்று மாணவரை வினவினால், இலக்கணம் என்பார் சிலர். கட்டுரை வரைதல் என்பார் சிலர். கதைப்பகுதி என்று கூறுவார் அரியர். கதைதானே, கேட்டால் சொல்லிவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களோ வேறு கூறுவர். கதையைப் பற்றிய வினாக்களுக்குத்தான் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற விடைகள் மிகுதியாக வருகின்றன என்பது அவர்கள் வருத்தம்.

ஆங்கிலத்தில் இருமுறை தவறிவிட்டு மூன்றாம் முறை எழுதவிருந்த மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் நம்மிடம் வந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவரே முதல்வர். தமிழாசிரியரிடம் ஆங்கிலத் தேர்வுக்கு வழி கேட்பதற்கு அவர் கூச்சப்பட்டார். கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு, மாப்பசானின் 'தி நெக்லஸ்' என்னும் சிறுகதையின் மையக்கருத்து யாது என வினவினோம். வீண்பெருமை அழிவைத் தரும் என்னும் பொருள்பட நான்கு ஆங்கில வரிகளைத் தடையின்றி ஒப்பித்தார். கதைத்தலைவி இழந்த அணி போலியானது என்பதை அவளுக்குச் சொன்னவர் யார், எங்கே, எப்போது சொன்னார் என்று அடுத்து வினவினோம். அவர் தலைகுனிந்து நின்றார். அவர் குறிப்பைப் படித்திருந்தார், கதையைப் படித்திருக்கவில்லை.

குறை அம்மாணவருடையது மட்டுமன்று. கதையுறுப்புகளைப் பெயர்ப்பட்டியலாகக் கற்பித்து, வரையறைகளை மனப்பாடம் செய்யவைக்கும் முறையில் நாமும் பங்குகொண்டுள்ளோம். கதையுறுப்பு ஒவ்வொன்றும் கதையை நோக்கி நாம் எழுப்பவேண்டிய ஒரு வினா என்பதையும், அவ்வினாவுக்கு விடை கதைக்குள்ளேயே உள்ளது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்வு கேட்பது யாது?

கதையுறுப்புகளை உயர்நிலைப் பள்ளியிலேயே தனித்தனிப் பெயரிட்டுக் கற்பிக்கும் வழக்கம் அமெரிக்க நாட்டில் வேரூன்றியது. அந்நாட்டு ஒன்பதாம், பத்தாம் வகுப்பு நூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் சில சிறுகதைகளையே ஈண்டுச் சான்றுகளாகக் கொள்கின்றோம். அவற்றுள் ஓ ஹென்றி, மாப்பசான் ஆகியோரின் கதைகள் நம் நாட்டு மாணவர்க்கும் புதியன அல்ல.

நியூயார்க் மாநிலத்தின் 'ரீஜென்ட்ஸ்' தேர்வு 1865ஆம் ஆண்டில் தொடங்கி, 1878 முதல் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களுக்கும் விரிந்தது. அதன் ஆங்கிலத் தாளுக்கு 2014இல் ஒரு புதிய அமைப்பு வந்தது. அவ்வமைப்பின் மூன்றாம் பகுதி நம் கவனத்திற்குரியது. மாணவர் முன்பு படித்திராத ஒரு பகுதி அவரிடம் தரப்படும். அதன் மையக்கருத்தைக் கண்டறிய வேண்டும். ஆசிரியர் கையாண்ட உறுப்பு அல்லது உத்தி ஒன்றைத் தேர்ந்து, அது அம்மையக்கருத்தை எங்ஙனம் வளர்க்கிறது என்று இரண்டு அல்லது மூன்று பத்திகளில் எழுத வேண்டும்.

'நோக்குநிலை என்றால் என்ன?' என்னும் வினா அங்கு இல்லை. 'இக்கதையில் நோக்குநிலை என்ன வேலை செய்கிறது?' என்பதே வினா. படித்திராத பகுதி தரப்படுவதால் கதைச்சுருக்க மனப்பாடம் பயன்படாது. படிக்கும் பழக்கம் ஒன்றே துணைநிற்கும். பாடநூலில் உள்ள கதையிலிருந்தே வினா எழும் நம் தேர்வுகளுக்கும் இப்பழக்கமே நல்ல விடையைத் தரும்.

1. கதைப்பின்னல்: ஏன் நிகழ்ந்தது?

நிகழ்ச்சிகளைக் காலவரிசைப்படி அடுக்குவது கதை. அவற்றைக் காரணகாரியத்தால் பிணைப்பது கதைப்பின்னல். இவ்வேறுபாட்டை ஈ. எம். ஃபார்ஸ்டர் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளில் விளக்கினார். அவை 1927இல் நூலாயின. எளிய சான்றொன்று காண்போம். 'மழை பெய்தது, பிறகு அவன் தேர்வுக்குச் செல்லவில்லை' என்பது கதை. 'மழையில் பாலம் உடைந்தது. அதனால் அவன் தேர்வுக்குச் செல்ல இயலவில்லை' என்பது பின்னல். முன்னதைக் கேட்பவர் 'அப்புறம்?' என்பார், பின்னதைக் கேட்பவர் 'ஏன்?' என்பார்.

பின்னலின் வடிவத்தை விளக்க ஆசிரியர்கள் கரும்பலகையில் வரையும் கூம்பு, செருமானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863இல் நாடகத்திற்கெனக் கூறியது. அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என அது ஐந்து பகுதிகளை உடையது. நாடகத்திற்குப் பிறந்த அளவுகோலைச் சிறுகதைக்குப் பயன்படுத்துகின்றோம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். எல்லாச் சிறுகதைகளும் அதில் இறுக்கமாக அடங்குவதில்லை.

ஓ ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை' 1905இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. இளம் தம்பதியர் வறுமையில் வாழ்கின்றனர். பண்டிகைக்கு முந்தைய நாள் மனைவி டெல்லாவின் கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட். தன் நீண்ட கூந்தலை 20 டாலருக்கு விற்கிறாள். கணவன் ஜிம்மின் கடியாரத்திற்கு 21 டாலரில் சங்கிலி வாங்குகிறாள். எஞ்சியது 87 சென்ட். கணவனோ அக்கடியாரத்தை விற்று, அவள் கூந்தலுக்கு விலையுயர்ந்த சீப்புகளை வாங்கிவந்து நிற்கிறான்.

இக்கணக்கை மாணவர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். ஜிம்மின் வருவாய் முன்பு வாரம் 30 டாலராக இருந்து 20 டாலராகக் குறைந்தது. வீட்டு வாடகை வாரம் 8 டாலர் என்றும் கதை கூறுகிறது. ஆகவே டெல்லாவின் கூந்தல் கணவனின் ஒரு வார உழைப்புக்கு ஈடான விலை பெற்றது. சங்கிலியின் விலையோ அதனினும் மிகுதி. ஆசிரியர் எண்களை வீணே அடுக்கவில்லை. வறுமை எவ்வளவு என்று அறிந்தாலன்றி ஈகை எவ்வளவு என்பது விளங்காது. பின்னலின் 'ஏன்' என்னும் வினாவுக்கு இவ்வெண்களே விடை தருகின்றன.

பின்னலை இயக்குவது போராட்டம். ஆங்கிலத்தார் இதனைக் 'கான்ஃப்ளிக்ட்' என்பர். மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனிதனுக்கும் சமூகத்திற்கும் நிகழ்வது புறப்போராட்டம். ஒருவன் தன்னுள்ளே நிகழ்த்துவது அகப்போராட்டம். ரிச்சர்ட் கானெல் 1924இல் எழுதிய 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' கதையில் ரெயின்ஸ்ஃபோர்டு என்னும் வேட்டைக்காரன் ஒரு தீவில் ஒதுங்குகிறான். அங்குள்ள தளபதி ஜாரோஃப் மனிதரையே வேட்டையாடுபவன். புறப்போராட்டம் வெளிப்படை. ஆனால் தொடக்கத்தில் கப்பலில் நடந்த உரையாடலை மறந்துவிடலாகாது. வேட்டையாடப்படும் விலங்குக்கு அச்சம் உண்டு என்று நண்பன் சொன்னபோது ரெயின்ஸ்ஃபோர்டு அதனை ஏற்கவில்லை. பின்பு தானே துரத்தப்படும்போது அவ்வச்சத்தை உணர்கிறான். தன் பழைய நம்பிக்கையோடு அவன் மோதும் இடம் அது. தலைப்பில் உள்ள 'கேம்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு விளையாட்டு என்றும் வேட்டைப்பொருள் என்றும் இரு பொருள் உண்டு என்பதை அறிந்தால் கதை மேலும் விளங்கும்.

2. பாத்திரம்: எவ்வாறு அறிந்தோம்?

பாத்திரங்களை ஒருதன்மையுடையன, பலதன்மையுடையன என இருவகையாக ஃபார்ஸ்டர் பகுத்தார். கதை முடிவதற்குள் மாறுவன, மாறாதன என்பது பிறிதொரு பகுப்பு. இவ்விரு பகுப்பையும் மாணவர் ஒன்றாக எண்ணி இடர்ப்படுகின்றனர். பல தன்மைகளை உடைய பாத்திரம் இறுதிவரை மாறாதிருத்தல் கூடும். 'எத்தனைப் பக்கங்கள் உள்ளன?' என்பது முதல் வினா. 'தொடக்கத்தில் இருந்தவர்தாமா முடிவில் இருப்பவர்?' என்பது இரண்டாம் வினா.

ஆசிரியர் ஒரு பாத்திரத்தின் இயல்பைத் தாமே கூறுதல் நேர்முறை. பேச்சு, செயல், எண்ணம், தோற்றம், பிறர் அவரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றால் உணர்த்துதல் மறைமுறை. தேர்வில் மதிப்பெண் பெறுவது பெரும்பாலும் இரண்டாவதைக் கண்டுகாட்டும் விடையே.

மாப்பசானின் கதைக்கு மீள்வோம். அது 1884இல் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. அரசு அலுவலக எழுத்தர் ஒருவரின் மனைவி மத்தில்டா செல்வ வாழ்வை ஏங்குபவள். விருந்தொன்றுக்குச் செல்ல ஆடை வேண்டும் என்கிறாள். துப்பாக்கி வாங்குவதற்கெனக் கணவன் சேர்த்துவைத்திருந்த 400 பிராங்க் ஆடையாகிறது. தோழியிடம் ஒரு கழுத்தணியை இரவல் வாங்கி அணிகிறாள், அதனை இழக்கிறாள். தோழியிடம் உண்மையைச் சொல்லாமல், அதுபோன்றதொரு வைர அணியை 36,000 பிராங்குக்கு வாங்கிக் கொடுக்கின்றனர். கணவனின் தந்தை விட்டுச்சென்ற 18,000 பிராங்க் போக எஞ்சியது கடன். பத்தாண்டுகள் உழைத்துக் கடனைத் தீர்க்கின்றனர். பின்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிசின் சாம்ஸ் எலிசே சாலையில் தோழியைச் சந்திக்கும்போதுதான், இழந்த அணி 500 பிராங்குக்கு மேற்படாத போலி என்பது தெரிகிறது.

வீண்பெருமை கொண்டவள் என்னும் ஒரே சொல்லில் மத்தில்டாவை அடக்கிவிடுவது குறிப்பேடுகளின் வழக்கம். கதை அவ்வளவு எளிதாக அவளை விடவில்லை. கடன் வந்தபின் அவள் பணிப்பெண்ணை நிறுத்துகிறாள், இருப்பிடத்தை மாற்றுகிறாள், பாத்திரம் துலக்குகிறாள், தண்ணீர் சுமக்கிறாள், கடைத்தெருவில் ஒவ்வொரு காசுக்கும் வாதாடுகிறாள். எந்த உழைப்பிலிருந்தும் அவள் பின்வாங்கவில்லை. ஏங்கியவள் உழைத்தவளாக மாறியதையும், அவ்வுழைப்பின் நடுவிலும் அந்த ஓரிரவின் அழகை எண்ணிப் பார்ப்பவளாகவே இருந்ததையும் கதை ஒருசேரக் காட்டுகிறது. இவ்விரண்டையும் எழுதும் மாணவரே பாத்திரத்தைக் கண்டவர் ஆவார்.

3. களமும் காலமும்: இங்கு ஏன் நிகழ வேண்டும்?

'செட்டிங்' என்னும் உறுப்பை 'எங்கே, எப்போது' என்னும் இரு சொற்களோடு முடித்துவிடுதல் பெருவழக்கு. களம் ஓர் உணர்வுநிலையைத் தோற்றுவிக்கிறது. அவ்வுணர்வைக் கொண்டு கதை நம்மை வழிநடத்துகிறது. சில வேளைகளில் வழிதவறவும் செய்கிறது.

ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' 1948இல் 'தி நியூயார்க்கர்' இதழில் வெளிவந்தது. ஜூன் 27ஆம் நாள் காலை, தெளிந்த வானம், பூக்கள் மலர்ந்துள்ளன, ஏறத்தாழ 300 பேர் வாழும் சிற்றூர் மக்கள் சதுக்கத்தில் கூடுகின்றனர், சிறுவர் விடுமுறையின் மகிழ்ச்சியில் கற்களைப் பொறுக்கிக் குவிக்கின்றனர். ஊர்த்திருவிழா என்றே எண்ணுகின்றோம். முடிவில், சீட்டு விழுந்த ஒரு பெண்ணை ஊரார் அனைவரும் கல்லெறிந்து கொல்வதற்கே கூட்டம் கூடியது எனத் தெரியும்போது நாம் திடுக்கிடுகின்றோம்.

இக்கதை இருண்ட காட்டில் நள்ளிரவில் நிகழ்ந்திருப்பின் தீமை அயலார் செயலாகத் தோன்றியிருக்கும். வெயில் காயும் காலையில், ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் மக்கள் நடுவே நிகழ்வதால், வழக்கம் என்னும் பெயரில் எவ்வூரிலும் கொடுமை நிகழக்கூடும் என்னும் கருத்து வலுப்பெறுகிறது. களம் மையக்கருத்தை வளர்க்கும் முறை இதுவே. சிறுவர் பொறுக்கிய கற்கள் தொடக்கத்திலேயே நம் கண்முன் இருந்தன என்பதும் எண்ணத்தக்கது. பின்வருவதை முன்னரே குறிப்பால் வைத்தலை 'ஃபோர்ஷேடோயிங்' என்பர். நாம் முன்னுணர்த்தல் எனலாம்.

4. நோக்குநிலை: யார் சொல்கிறார்? நம்பலாமா?

கதையுறுப்புகளுள் மாணவர் மிகவும் தடுமாறுவது இதிலேயே. 'நான்' எனக் கூறுவது தன்மை நோக்குநிலை. 'அவன்', 'அவள்' எனக் கூறினும் ஒருவர் மனத்தை மட்டும் திறந்துகாட்டுவது வரையறுத்த படர்க்கை நோக்குநிலை. எல்லார் மனத்தையும் அறிந்து கூறுவது முற்றறி நோக்குநிலை. இவ்வளவும் எந்தக் குறிப்பேட்டிலும் உள்ளன. வேண்டுவது அடுத்த வினா: சொல்பவர் எதை அறிவார், எதை அறியார், எதை மறைக்கிறார்?

எட்கர் ஆலன் போவின் 'தி டெல்-டேல் ஹார்ட்' 1843இல் வெளிவந்தது. ஒரு முதியவரைக் கொன்றவனே கதை சொல்கிறான். தான் பித்தன் அல்லன் என்று தொடக்கத்திலிருந்தே வற்புறுத்துகிறான். முதியவரின் ஒரு கண் தன்னை வருத்தியது என்பதைத் தவிர வேறு காரணம் அவனிடம் இல்லை. ஏழு இரவுகள் கதவைத் திறந்து பார்த்ததையும், எட்டாம் இரவில் கொன்று உடலைத் தரைப்பலகைகளின் அடியில் மறைத்ததையும் தன் அறிவுக்கூர்மைக்குச் சான்றாக விளக்குகிறான். காவலர் வந்து அமைதியாக உரையாடிக்கொண்டிருக்கையில், இறந்தவரின் இதயத்துடிப்பு தனக்குக் கேட்பதாக எண்ணித் தானே குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்.

அவன் தன் நிதானத்தை நிறுவ எடுத்துவைக்கும் ஒவ்வொரு சான்றும் அவனுக்கே எதிராகத் திரும்புகிறது. இத்தகைய கதைசொல்லியை 'நம்பகமற்ற கதைசொல்லி' என்பர். வேய்ன் பூத் 1961இல் வெளியிட்ட நூலில் இப்பெயரை நிலைநிறுத்தினார். கதைசொல்லி வேறு, ஆசிரியர் வேறு என்பதை இக்கதை ஐயத்திற்கிடமின்றி உணர்த்தும். 'போ கூறுகிறார்' என எழுதவேண்டிய இடம் எது, 'கதைசொல்லி கூறுகிறான்' என எழுதவேண்டிய இடம் எது என்று பிரித்தறியும் மாணவரின் விடை தனித்து விளங்கும்.

இப்பயிற்சியின் பயன் தேர்வோடு முடிவதன்று. ஒரு செய்தியைக் கேட்கும்போது, இதனைச் சொல்பவர் யார், அவர் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தெரிந்திருக்கும், மறுபக்கத்தார் சொன்னால் இது எவ்வாறு இருக்கும் என்று வினவும் மனம் வீட்டிலும் தெருவிலும் நீதிமன்றத்திலும் வேண்டப்படுவது. அம்மனத்தைக் கதை பழக்குகிறது.

5. முரண்நகையும் குறியீடும்

எதிர்பார்த்ததற்கும் நிகழ்ந்ததற்கும் இடையே தோன்றும் முரணை 'ஐரனி' என்பர். தமிழில் முரண்நகை என வழங்குவோம். அது மூவகைப்படும். சொல்லுக்கும் கருத்துக்கும் முரண் சொல் முரண்நகை. போ 1846இல் எழுதிய 'தி காஸ்க் ஆஃப் அமான்டிலாடோ' கதையில் கொல்லத் திட்டமிட்டவனே தன் இரையின் நீண்ட ஆயுளை வாழ்த்துகிறான். எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் முரண் நிகழ்ச்சி முரண்நகை. விற்ற கூந்தலும் விற்ற கடியாரமும் இதற்குச் சான்று. பாத்திரம் அறியாததை நாம் அறிந்திருத்தல் நாடக முரண்நகை. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஜூலியட் இறக்கவில்லை என்பதை நாம் அறிவோம், ரோமியோ அறியான்.

குறியீட்டைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை மட்டும் கூறுவோம். கதையில் வரும் ஒவ்வொரு பொருளும் குறியீடு அன்று. மீண்டும் மீண்டும் வருவதும், திருப்பத்தில் நிற்பதும், தன் பயன்பாட்டுக்கு மேல் பொருள் தருவதுமே குறியீடாகக் கொள்ளத்தக்கது. மத்தில்டாவின் போலி அணி அத்தகையது. விருந்தில் இருந்தோர் கண்ட ஒளி வைரத்தின் ஒளியன்று என்பது அவள் ஏங்கிய வாழ்வையும் குறிக்கின்றது அன்றோ?

6. மையக்கருத்து: முழுத்தொடராகச் சொல்க

'அன்பு', 'வறுமை', 'பெருமை' என்பன பொருள்கள், மையக்கருத்துகள் அல்ல. ஒரு பொருளைப் பற்றிக் கதை கூறுவது யாது என்பதை முழுத்தொடராகச் சொன்னாலே அது மையக்கருத்தாகும். 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை' கதையின் பொருள் அன்பு. பயன் கருதாது தன் அரிய உடைமையை இழக்கத் துணிவதே அன்பின் அளவு என்பது அதன் மையக்கருத்து எனலாம்.

மையக்கருத்து ஒன்றே இருக்கவேண்டும் என்பதில்லை. 'தி நெக்லஸ்' கதைக்கு வீண்பெருமையின் கேடு என்று ஒருவர் கூறலாம். உண்மையை மறைத்தலின் விலை என்று மற்றொருவர் கூறலாம். தோற்றத்தைக் கொண்டு மதிப்பிடும் சமூகத்தின் பிழை என்று மூன்றாமவர் கூறலாம். மூவரும் கதையிலிருந்து சான்று காட்டினால் மூவர் விடையும் ஏற்கத்தக்கதே. சான்று இன்றி எழுதப்படும் சரியான விடையைவிடச் சான்றோடு எழுதப்படும் புதிய விடை மேலானது.

தமிழ் மாணவர்க்கு ஒரு துணை

இவ்வினாக்கள் அயல்மொழிக்கே உரியன என்று தமிழ் மாணவர் அஞ்சவேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியன உள்ளன. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எவ்விடத்தில், எப்பொழுதில், சொல்லாமல் விட்டது யாது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வகுப்பறையில் வந்ததே. அகப்பாடலைப் படிக்கும்போது 'இது தோழி கூற்று' என்று முதலில் எழுதும் மாணவர், ஆங்கிலக் கதையைப் படிக்கும்போது 'இது யார் கூற்று?' என்று வினவ மறந்துவிடுகிறார். அவ்வளவே குறை.

கானெலின் கதையில் ஒரு சான்று உண்டு. தளபதியும் ரெயின்ஸ்ஃபோர்டும் படுக்கையறையில் எதிரெதிர் நிற்கின்றனர். அவர்கள் மோதியதைக் கதை கூறவில்லை. அந்தப் படுக்கையில் உறங்கியவன் ரெயின்ஸ்ஃபோர்டு என்பதை மட்டும் கூறி முடிகிறது. வென்றவன் யார் என்பதை நாமே உணர்கின்றோம். எச்சம் என்னும் உறுப்பை அறிந்தவர்க்கு இவ்விடம் எளிதில் விளங்கும்.

எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை. தொல்காப்பியம் செய்யுளுக்கு இலக்கணம் கூறுவது. சிறுகதையோ பின்னாளில் தோன்றிய உரைநடை வடிவம். மேலும் தமிழ் மரபில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவற்றைக் குறிக்கும். 'தீம்' என்பதற்கு அச்சொல்லை இட்டால் குழப்பமே மிஞ்சும். பழகிய வினாக்களைத் துணையாகக் கொண்டு புதிய வடிவத்தை அணுகுதலே ஏற்றது.

படிக்கும் முறையும் எழுதும் முறையும்

ஒரு கதையை மும்முறை படித்தல் நன்று. முதல்முறை அகராதியைத் தொடாமல், என்ன நிகழ்கிறது என்பதற்காக மட்டும் படிக்க வேண்டும். தெரியாத சொற்களுக்குக் கீழே கோடிட்டுச் சென்றால் போதும். இரண்டாம் முறை அச்சொற்களுக்குப் பொருள் கண்டு, மேற்கூறிய ஆறு வினாக்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து ஒரு சிறு சான்றைக் குறிக்க வேண்டும். மூன்றாம் முறை முடிவை அறிந்தவராகத் தொடக்கத்தைப் படிக்க வேண்டும். முன்னுணர்த்தலும் முரண்நகையும் அப்போதுதான் புலப்படும்.

விடை எழுதுவதற்கு மூன்று படிகள் உள்ளன. முதலில் கருத்தை ஒரு தொடரில் நாட்டுக. அடுத்துச் சான்றைக் காட்டுக. பின்பு அச்சான்று அக்கருத்தை எவ்வாறு நிறுவுகிறது என விளக்குக. மூன்றாவது படியில்தான் பலர் நழுவுகின்றனர். விடையொன்றின் அமைப்பைக் காண்க:

'உண்மையை மறைத்தலே மத்தில்டாவின் துன்பத்திற்கு வித்து. அணி தொலைந்ததும், அதன் கொக்கி உடைந்துவிட்டதாகத் தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள். மாற்று அணியைத் திருப்பித் தரும்போது தோழி பேழையைத் திறந்தும் பார்க்கவில்லை. அன்று ஒரு சொல் உண்மையாகப் பேசியிருந்தால், அணி போலி என்பது அப்போதே தெரிந்திருக்கும். ஆகவே முடிவில் வரும் முரண்நகை நம்மைத் திகைக்கவைப்பதோடு நில்லாமல், பத்தாண்டுத் துன்பமும் தவிர்த்திருக்கக்கூடியது என்பதை உணர்த்துகிறது.'

இதில் கடினமான சொல் ஏதுமில்லை. எளிய ஆங்கிலத்தில் இதனை எழுத இயலும். அருஞ்சொற்களால் விடையை அழகுபடுத்த முயன்று பிழைபடுவதைவிட, சிறு தொடர்களால் கருத்தைத் தெளிவாக நாட்டுதல் நன்மை தரும். ஆசிரியர்களும் கதைச்சுருக்கத்தை முதல் நாளே தந்துவிடாமல், மாணவர் ஒருமுறையேனும் தாமே படித்தபின் வகுப்பைத் தொடங்கினால் பாதிச் சுமை குறையும். இல்லத்துப் பெரியோர்க்கும் இதில் இடமுண்டு. ஆங்கிலம் அறியாத பெற்றோரும் மாலையில் பிள்ளையை அழைத்து, 'இன்று படித்த கதையைத் தமிழில் சொல்' என்று கேட்கலாம். தாய்மொழியில் சொல்ல முடியாத கதையை அப்பிள்ளை அயல்மொழியில் எழுத இயலாது.

முடிவுரை

கதைப்பின்னல், பாத்திரம், களமும் காலமும், நோக்குநிலை, முரண்நகையும் குறியீடும், மையக்கருத்து என்னும் ஆறும் ஏன், எவ்வாறு, எங்கே, யார், எதிர்பார்த்தது எது, பயன் என்ன என்னும் எளிய வினாக்களே என்பதைக் கண்டோம். வரையறைகள் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். வினவும் பழக்கம் மறவாது.

முன்னுரையில் குறிப்பிட்ட மாணவரிடம் குறிப்பேட்டை நாமே வைத்துக்கொண்டு, கதையை மட்டும் கொடுத்தனுப்பினோம். நான்கு நாள் கழித்து வந்தார். மையக்கருத்தைப் பற்றி அவர் ஒன்றும் ஒப்பிக்கவில்லை. 'ஐயா, தொலைந்த அன்றே அந்த அம்மாள் தோழியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டார்.

அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் பாத்திரமும் போராட்டமும் முரண்நகையும் மையக்கருத்தும் தாமே முன்வந்து நிற்கும். அன்று மாலை விளக்கேற்றும் வரை அதனையே பேசிக்கொண்டிருந்தோம். மாணவச் செல்வங்கள் ஒவ்வொரு கதையிலிருந்தும் அத்தகைய வினா ஒன்றோடு வகுப்பறைக்கு வருவாராயின், தேர்வும் வெல்லப்படும். கதையும் நம்மோடு தங்கும்.